அச்சேறிய பின் எஞ்சும் தாள்



மனிதன் சேர்த்து வைக்கும் பொருள்கள் பலவகைப்பட்டவை. பொன்னைச் சேர்ப்போர் உண்டு. நிலத்தைச் சேர்ப்போர் உண்டு. அஞ்சல் தலைகளையும் செல்லாக் காசுகளையும் சேர்த்து மகிழ்வோரும் உண்டு. அண்மைக் காலமாக நடுத்தர வயதினர் சிலர் வேறொரு பொருளைத் தேடி அலைவதைக் காண்கிறோம். சிறுவயதில் தாம் படித்துக் களித்த சித்திரக்கதைகளின் மூல ஓவியங்களே அப்பொருள்.

சித்திரக்கதைப் புத்தகத்தைச் சேர்ப்பது வேறு, அதன் மூல ஓவியத்தைச் சேர்ப்பது வேறு. புத்தகம் ஆயிரக்கணக்கில் அச்சாகி ஊரெங்கும் பரவியிருக்கும். தேடினால் ஒரு படி கிடைக்கும். மூல ஓவியமோ, அச்சுக்குச் செல்வதற்கு முன் ஓவியர் தம் மேசையில் அமர்ந்து கைப்படத் தீட்டிய தாள். உலகில் அதற்கு இரண்டாவது படி இல்லை. அந்த ஒற்றைத் தாளுக்காக ஒருவர் தம் ஒரு மாத ஊதியத்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அண்மையில் என் முன் வந்தது. அதற்கு விடை தேடப் போய், விலையைவிடப் பெரிய வேறொரு செய்தி கண்ணில் பட்டது. அதனை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

உருவம் வரைவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்துகள் தனியே, விரிவாகப் பேசத்தக்கவை. இங்கு நான் பேச விழைவது உழைப்பையும் அதன் உரிமையையும் பற்றியே.

பொட்டலத் தாளில் கிடைத்த புதையல்

கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், முதுநகரைக் கடந்ததும் ஆலைப் புகைபோக்கிகள் தென்படத் தொடங்கும். 1980களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டை அது. சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே இரசாயன ஆலைகள் பல அமைந்துள்ளன. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் என்று அவற்றைச் சுற்றிலும் சிற்றூர்கள். அவ்வூர்களின் மக்கள் 2004ஆம் ஆண்டில் தாங்களே காற்றைச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்பி, தாம் சுவாசிப்பது இன்னதென்று உலகுக்கு அறிவித்த வரலாறு பலருக்கும் நினைவிருக்கும்.

அத்தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. என் வயதினர். பரங்கிப்பேட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட அவருடைய தந்தையார், ஆலைகள் வரத் தொடங்கிய காலத்தில், அச்சாலையோரம் சிறியதொரு மளிகைக்கடை வைத்திருந்தார். அக்காலத்தில் சீரகமும் மிளகும் தாளில் பொட்டலம் மடித்தே கொடுக்கப்படும். அதற்காகப் பழைய தாள்களை எடைபோட்டு வாங்கி வருவார்கள். அக்கட்டுகளுக்கு இடையே ராணி காமிக்ஸ் இருக்கும். லயன் காமிக்ஸ் இருக்கும். அம்புலிமாமாவும் பூந்தளிரும் இருக்கும். கட்டைப் பிரித்ததும் சிறுவனாயிருந்த நண்பர் அவற்றை உருவி எடுத்துக்கொண்டு புளிமூட்டைக்குப் பின்னால் அமர்ந்துவிடுவாராம். தந்தை கேட்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகையால் பல கதைகளின் முடிவு அவருக்குத் தெரியாது. கடைசிப் பக்கங்கள் கடுகையோ வெந்தயத்தையோ சுமந்துகொண்டு யார் வீட்டுக்கோ போயிருக்கும்.

அக்கடை இன்றில்லை. தந்தையாரும் இறையடி சேர்ந்துவிட்டார். அவர் விளையாடித் திரிந்த வெளிகளில் ஆலைச் சுற்றுச்சுவர்கள் எழுந்துவிட்டன. ஆற்று நீரின் நிறமும் காற்றின் மணமும் மாறிவிட்டன. "ஹஜ்ரத், நான் பிறந்து வளர்ந்த இடத்திலேயேதான் வேலையும் பார்க்கிறேன். ஆனால் என் சின்ன வயதை அங்கே காட்டு என்றால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அந்தப் படங்கள் மட்டும்தான் மாறாமல் இருக்கின்றன" என்று அவர் ஒருமுறை கூறினார். பழைய பொருள்மீது மனிதர்கள் கொள்ளும் பற்றைப் பித்து என்று எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். நிலம் மாறிப்போன ஊர்களில் அப்பற்றுக்கு வேறொரு பொருள் உண்டு என்பது அன்று எனக்கு விளங்கியது.

இத்தகைய நண்பருக்குப் பழந்தாள் வணிகர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. அவர் சிறுவயதில் கண்ட ஓர் அட்டைப்படத்தின் மூல ஓவியம் விற்பனைக்கு இருக்கிறது, விலை பதினைந்தாயிரம் ரூபாய் என்று. மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதம் அது. வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது. "ஒரு தாளுக்கா இவ்வளவு?" என்று அவருடைய துணைவியார் கேட்டதில் நியாயம் இருந்தது. "இது வீண்விரயம் ஆகுமா?" என்ற கேள்வியோடு அவர் என்னிடம் வந்தார்.

ஓவியம் அச்சான விதம்

விடை கூறுமுன், அத்தாள் எப்படிப்பட்டது என்பதை அறிந்துகொள்வது நலம்.

கணினி வருவதற்கு முந்தைய காலத்தில் சித்திரக்கதை ஓவியர் அச்சில் வரும் அளவைவிடப் பெரிய அளவில், கெட்டியான தாளில் வரைவார். முதலில் பென்சில் கோடு. அதன்மேல் தூரிகையாலும் தொட்டெழுதும் பேனாவாலும் இந்தியன் மை. தவறிய இடத்தில் வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் மீண்டும் வரைவார். உரையாடலைத் தனியே எழுதியோ அச்சுக்கோத்தோ, வெட்டி, பசையால் ஒட்டுவார்கள். ஓரத்தில் இவ்வளவு அகலத்துக்குக் குறைக்கவும் என்று குறிப்பு எழுதப்படும். சிலர் இளநீலப் பென்சிலால் கோடிடுவார்கள். அச்சுக்கூட ஒளிப்படக் கருவியில் அந்நிற நீலம் பதியாது என்பதால், அதை அழிக்க வேண்டிய வேலை மிச்சம். பின்னர் அப்பக்கத்தைப் படம்பிடித்து, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்தோ, ஆப்செட் தகட்டில் ஏற்றியோ அச்சிடுவார்கள்.

ஆகவே நாம் புத்தகத்தில் கண்ட படம் ஓவியத்தின் சுருங்கிய நிழல். மூலத்தாளிலோ ஓவியரின் மனம் ஓடிய வழி முழுவதும் தெரியும். குதிரையின் காலை மூன்று முறை மாற்றி வரைந்தது தெரியும். வீரனின் முகத்தின்மீது வெள்ளை பூசித் திருத்தியது தெரியும். பசை காய்ந்து உரையாடல் உதிர்ந்துவிட்டிருந்தால், ஒட்டிய இடத்தின் பழுப்புக் கறை தெரியும். சேகரிப்போர் இத்தாளை நாடுவதற்குக் காரணம் இதுவே.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். பிளாக் செய்து முடித்த அக்கணமே, அச்சுக்கூடத்தைப் பொறுத்தவரை, அந்த ஓவியத்தின் வேலை முடிந்துவிட்டது. அதனை யாரிடம் திருப்பித் தருவது, எங்கே வைப்பது என்ற சிந்தனை அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. அலமாரி நிறைந்தால் மூட்டையாகக் கட்டப்படும். மூட்டை பெருகினால் எடைக்குப் போகும். நண்பரின் தந்தையார் கடைக்குச் சித்திரக்கதைகள் எந்த வழியில் வந்தனவோ, அதே வழியில்தான் அவற்றின் மூல ஓவியங்கள் பலவும் போயிருக்கும்.

நம் சித்திரக்கதைகளும் அவற்றின் கைகளும்

தமிழில் சித்திரக்கதையின் வரலாறு சிறியதன்று. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவின் பக்கங்களைப் படங்களுக்காகவே புரட்டியோர் எத்தனை பேர்! வாளேந்திய விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் படம் இந்தியாவின் பல மொழிக் குழந்தைகளின் நெஞ்சில் பதிந்த ஒன்று. அதனை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். 1924இல் கொங்கு நாட்டில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, கலைமகளில் பணியாற்றி, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்விதழின் குடும்பத்துக்காகவே வரைந்தார். 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. வேதாளத்தை அறிந்தவர் கோடிப் பேர். வரைந்தவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

தினத்தந்தியில் 1960 முதல் வெளிவரும் கன்னித்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அரபுக் கதைக் கடலிலிருந்து வந்த சிந்துபாத், தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் அறுபதாண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறான். நாளொன்றுக்கு ஒரு பகுதி என்று கணக்கிட்டால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை ஓவியர்களின் கைகள் அந்தக் கப்பலையும் கடலையும் வரைந்திருக்கின்றன. எழுத்தறிவு குறைந்த பெரியவர்கள் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அப்படக்கதையில்தான்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி அதன் முதல் இதழிலேயே தமிழகச் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டான். 1984இல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்ட பூந்தளிர் என்று ஒரே ஆண்டில் மூன்று இதழ்கள் தோன்றின. என் தலைமுறையின் சிறுவயது அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்து, ஆசிரியரிடம் பிடிபட்டு, உள்ளங்கை சிவந்தவர்கள் இதனைப் படிப்போரில் பலர் இருப்பீர்கள்.

அவற்றுள் பெரும்பாலானவை அயல்நாட்டுக் கதைகள். மாயாவியின் கதை 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் தொடங்கியது. அதனை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். உரிமை பெற்று, ஆங்கில உரையாடலை நீக்கி, தமிழை இட்டு, சிவகாசியில் அச்சிட்டார்கள். ஆகவே உள்பக்கங்களின் மூல ஓவியம் நம் நாட்டுக்கு வந்ததே இல்லை. ஆனால் அட்டைப்படங்கள் பலவற்றை வரைந்தவர்கள் நம் ஊர் ஓவியர்கள். நாட்காட்டிப் படங்களும் தீப்பெட்டி முகப்புகளும் வரைந்து பழகிய கைகள் அவை. அவர்களுள் பலர் இலண்டனைப் பார்த்ததில்லை. இலண்டன் தெருவை வரைந்தார்கள். பனியைப் பார்த்ததில்லை, பனிமலையை வரைந்தார்கள். கடையில் தொங்கும் இதழைச் சிறுவன் எட்டிப் பிடித்தது அவர்களுடைய அட்டைப்படத்தைப் பார்த்துத்தான். எனினும் ஒரு மூலையில் சிறிதாக இட்ட கையொப்பம் தவிர அவர்களுக்கு அதில் வேறு அடையாளம் கிடைக்கவில்லை. சில அட்டைகளில் அதுவும் இல்லை.

சேர்த்து வைத்தோர்

பழைய தாளைப் போற்றும் வழக்கம் நம்மிடம் இல்லாமற்போகவில்லை. வார இதழ்களில் வரும் தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்துக்கொள்வது தமிழகக் குடும்பங்களில் நெடுநாள் நிலவிய பழக்கம். அதனைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை மறக்கலாகாது. தெருவில் ஒருவர் வீட்டுத் தொகுப்பு பத்து வீடுகளைச் சுற்றி வரும். அக்கதைகள் பின்னாளில் நூல்களாக வெளிவந்தபோது, படங்கள் பலவற்றை விட்டுவிட்டே அச்சிட்டார்கள். ஆகவே 1950களில் கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்தவற்றையும், விகடனில் தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்தவற்றையும் அன்றைய வடிவில் காண விரும்புவோர் இன்று தேடிச் செல்வது அப்பெண்கள் கட்டி வைத்த பழைய தொகுப்புகளைத்தான்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்களையும் இங்கு நினைக்க வேண்டும். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கியவர் அவர். நூல்களோடு இதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள் என்று பிறர் குப்பை என எண்ணியவற்றையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே வைத்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழி செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் அவ்வாசலை மிதிக்காமல் செல்ல இயலாது. தனி ஒருவரின் ஆசை பொதுமக்களின் சொத்தாக மாறியதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கோடிகளும் கண்ணீரும்

மேலைநாடுகளில் இம்மூல ஓவியங்கள் இன்று பெருஞ்செல்வர்களின் சந்தைப் பொருளாகிவிட்டன. டின்டின் கதைகளைப் படைத்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே 1936இல் நீலத்தாமரை என்னும் கதைக்காக ஓர் அட்டைப்படம் தீட்டினார். அச்சிடச் செலவு அதிகம் என்று பதிப்பாளர் அதனை ஒதுக்கிவிட்டார். பதிப்பாளரின் சிறுவயது மகனுக்கு ஹெர்ஜே அதனைக் கொடுத்ததாகவும், அவன் அதை மடித்து மேசை இழுப்பறையில் போட்டு வைத்ததாகவும் அக்குடும்பத்தார் கூறினர். மடிப்புத் தழும்புகளுடன் கூடிய அதே தாள் 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 32 இலட்சம் யூரோவுக்கு, அதாவது ஏறத்தாழ 28 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அடுத்த ஆண்டு ஜனவரியில், 1984இல் வரையப்பட்ட ஸ்பைடர்மேன் கதையொன்றின் ஒரே ஒரு பக்கம் அமெரிக்காவில் 33 இலட்சம் டாலருக்கு மேல் விற்றது.

இவ்விலைகளைக் கேட்டு வியப்பவர்கள் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். அமெரிக்கச் சித்திரக்கதை உலகின் தூண்களில் ஒருவர் ஜாக் கிர்பி. கேப்டன் அமெரிக்கா, ஹல்க், எக்ஸ்மென் ஆகியோரை உருவாக்கியதில் பங்குகொண்டவர். மார்வெல் நிறுவனத்துக்காக அவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வரைந்தார். தாம் வரைந்த மூலத்தாள்களைத் திருப்பித் தருமாறு 1980களில் அவர் கேட்டபோது, மற்ற ஓவியர்களிடம் கேட்காத நீண்ட நிபந்தனைகளில் கையெழுத்திடுமாறு நிறுவனம் கோரியது. சக ஓவியர்களும் வாசகர்களும் குரல் எழுப்பிய பின், 1987இல் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்களே. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எழுபது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1962இல் ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 மூலப் பக்கங்களை, 2008இல் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு நன்கொடையாக அளித்தார். ஏலத்துக்குக் கொண்டுசென்றிருந்தால் கோடிகள் குவிந்திருக்கும். இன்று அப்பக்கங்களை ஆராய விரும்புவோர் அந்நூலகத்துக்குச் சென்று காணலாம்.

சட்டம் சொல்வதும் மனச்சாட்சி சொல்வதும்

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம்.

முதலாவது, வீட்டுக் கடமை. மகளின் கட்டணம் முதலில் செலுத்தப்பட வேண்டும். கடன் வாங்கி இதனை வாங்கலாகாது. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. கடமைகளை நிறைவேற்றிய பின், தம் உழைப்பில் மிஞ்சியதைக் கொண்டு, பாதுகாக்கத்தக்க ஒரு பொருளை வாங்கிப் பாதுகாப்பதை நான் வீண்விரயம் என்று கருதவில்லை. நாற்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசியை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதை யாரும் அவ்வாறு அழைப்பதில்லையே!

இரண்டாவது, அந்தத் தாள் யாருடையது என்பது. இதனை நண்பர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 53அ என்னும் பிரிவு கவனிக்கத்தக்கது. மூல ஓவியம் ஒன்று பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையாகும்போது, பதிப்புரிமைக் காலம் முடியும் வரை, அவ்விலையில் ஓவியருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ பங்கு உண்டு. அப்பங்கு பத்து விழுக்காட்டுக்கு மிகாது. ஆனால் அந்த ஓவியர் தம் படைப்பின் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். இதழில் சம்பளத்துக்கு ஒருவர் வரைந்ததை இதழில் வெளியிடும் உரிமையைப் பொறுத்தவரை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், சட்டப்படி முதல் உரிமையாளர் இதழின் உரிமையாளரே; மற்றவற்றில் வரைந்தவரே. கூலி பெற்று அட்டைப்படம் தீட்டியவர்களில் பலரோ சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

சட்டம் நின்றுவிடும் இடத்தில் மனச்சாட்சியும் நின்றுவிட வேண்டுமா? உழைத்தவருக்குரியதைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் மட்டுமே இடமுள்ள வணிகத்தில், வரைந்தவருக்கு ஓர் இருக்கை போட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. "முதலில் அந்த ஓவியரைத் தேடுங்கள். அதற்குப் பிறகு விலை பேசலாம்" என்றேன்.

நண்பர் தேடினார். ஓவியத்தின் மூலையிலிருந்த கையொப்பமே வழிகாட்டியது. ஓவியர் காலமாகிவிட்டிருந்தார், தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் அவருடைய துணைவியார் பிள்ளைகளோடு இருந்தார். வணிகர் அனுப்பிய ஒளிப்படத்தை அவருடைய பேரன் கைப்பேசியில் காட்டியிருக்கிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்த அந்த அம்மையார், கையொப்பத்தைத் தேடவில்லையாம். "இது அவர் கைதான். விரலை இப்படித்தான் போடுவார். என் கையைப் பார்த்துத்தான் விரல் எல்லாம் வரைவார்" என்றாராம். துப்பாக்கி ஏந்திய அயல்நாட்டு வீரனின் விரல்கள், நெல் புடைத்த ஒரு தமிழ்ப் பெண்ணின் விரல்கள்!

படத்துக்கு இவ்வளவு என்று அன்றே கூலி வந்துவிடும், படம் திரும்பி வராது, ஆகவே பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று அவர் கூறியிருக்கிறார். அவருடைய குரலில் குறை இருக்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது என்று நண்பர் சொன்னார்.

நான்கு மாதங்கள் மிகைநேர ஊதியத்தைச் சேர்த்து வைத்து, வணிகரிடம் பேசி, நண்பர் அந்த ஓவியத்தை வாங்கினார். விலையில் பத்தில் ஒரு பங்கை அந்த அம்மையாருக்கு அனுப்பினார். மூல அளவிலேயே நல்ல வண்ணப் படியொன்று எடுத்துச் சட்டமிட்டு அவ்வீட்டுக்கு அனுப்பினார். "ஒரே படத்துக்கு இரண்டு தடவை கூலி வருவது இதுதான் முதல் தடவை" என்று அம்மையார் தொலைபேசியில் சிரித்தாராம். தமக்குப் பிறகு இந்தத் தாள் எடைக்குப் போகக் கூடாது, ஒரு நூலகத்துக்கே செல்ல வேண்டும் என்று எழுதி, ஓவியத்தின் பின்பக்கமாக ஒரு தாளுறையில் வைத்திருக்கிறார் நண்பர். முதலில் முகம் சுளித்த அவருடைய துணைவியாரே அதில் இரண்டாவது கையொப்பம் இட்டிருக்கிறார்.

காக்கும் வகை

வாங்குவதைவிடக் காப்பது கடினம். அதிலும் நம் கடலோர மாவட்டத்தில் தாளுக்குப் பகைவர் பலர். 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் கடலூரைத் தாக்கிய தானே புயல், 2015 பெருவெள்ளம் ஆகிய மூன்றிலும் எத்தனை வீடுகளின் ஆவணங்களும் ஒளிப்படங்களும் நீரோடு போயின என்பதை நாம் அறிவோம். உப்புக்காற்றின் ஈரமும், ஆலைப்பகுதிக் காற்றில் கலக்கும் கந்தக வாயுவும் சேர்ந்தால் தாளில் அமிலம் ஊறி, மெல்ல மெல்ல அது நொறுங்கிப்போகும்.

ஆகவே வீட்டில் பழைய ஓவியமோ, கையெழுத்துப் படியோ, முன்னோரின் கடிதமோ வைத்திருப்போர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தரையோடு ஒட்டிய பெட்டியில் வைக்காதீர்கள். வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்; மழைக்காலத்தில் சுவர் கசியும். லேமினேஷன் செய்யாதீர்கள், சூடேற்றி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குக் கேடின்றிப் பிரிப்பது அரிது. செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பேறித் தாளையே தின்றுவிடும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதிலுள்ள அமிலம் ஓவியத்துக்கு ஏறும். அமிலமற்ற தாளுறை நகரங்களில் கிடைக்கிறது. அதில் தட்டையாகக் கிடத்தி வைக்கலாம். சுவரில் மாட்டத்தான் வேண்டுமென்றால் படியை மாட்டுங்கள். மூலத்தை வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு இருமுறையேனும் திறந்து, கரையானும் இராமபாணப் பூச்சியும் அண்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாசகர்களுக்கு

நம்மில் பெரும்பாலோர் மூல ஓவியம் வாங்கப் போவதில்லை. ஆயினும் செய்யத்தக்கது ஒன்று எல்லோருக்கும் உண்டு. உங்கள் உறவிலோ தெருவிலோ பெயர்ப்பலகை எழுதியவர், அட்டைப்படம் வரைந்தவர், அரபு எழுத்தணி தீட்டியவர், கல்லச்சுக்குப் பிரதி எழுதியவர் யாரேனும் இருந்தால், அவர் இருக்கும்போதே சென்று கேளுங்கள்; எதனை வரைந்தார், யாருக்கு வரைந்தார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லையெனில், அவர் வீட்டுப் பரணில் கிடக்கும் கட்டைப் பழைய தாள் வாங்குபவரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எடைத்தட்டில் கிலோவுக்குப் பத்தோ பதினைந்தோ கிடைக்கும். அக்கட்டினுள் ஒருவருடைய நாற்பதாண்டு உழைப்பு இருக்கக்கூடும்.

கண்டெடுக்கும் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும், மென்மையான பென்சிலால், மூன்றே மூன்று செய்திகளைக் குறித்து வையுங்கள்: வரைந்தவர் பெயர், ஊர், ஆண்டு. அடுத்த தலைமுறை அத்தாளை யார் வீட்டில் கண்டெடுத்தாலும், வரைந்த கை யாருடையது என்று அலைய வேண்டியிருக்காது.